கொழும்பில் எடுத்த சட்டை

செபஸ்தியானின் போனில் அதுவரை ஒருமுறைகூட அழைத்திராத ஒரு பெயர், கொழும்பு வெள்ளவத்தையில், சாம்பார் சாதத்துக்கு நடுவே வந்தது.

வேம்பு மாமா.

மஹதியின் தாய்மாமன். கல்யாணம் ஆகி மூன்று வருடமாகியும் அவரிடமிருந்து ஒரு போன் கிடையாது. ஒரு பொங்கல் வாழ்த்துகூடக் கிடையாது. 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று மஹதிதான் அந்த எண்ணை அவன் போனில் ஏற்றி வைத்திருந்தாள்.

மஹதி அப்போது மேஜையில் இல்லை. கை கழுவப் போயிருந்தாள். எதிரே பாரத் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி அதீபா ஜன்னலுக்கு வெளியே ஓடிய கடலோர ரயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். மஹதி-செபஸ்தியான் பதிவுத் திருமணத்துக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஜோடி அது.

"மாப்ளே, நான் வேம்பு பேசறேன்."

மாப்ளே. அந்த வார்த்தையும் முதல் முறை.

"சொல்லுங்க சார்."

"ஒண்ணும் பயப்படறதுக்கில்லே. அத்திம்பேரை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். அடையாறுல, பாலத்துக்கு முன்னாடி. மஹதியை அழைச்சுண்டு சட்டுனு கிளம்பி வந்துடுங்கோ. அவகிட்ட மெதுவா சொல்லுங்கோ, பதறப் போறா."

"சார், அவருக்கு இன்னா..."

பின்னணியில் எதையோ உருட்டிக்கொண்டு போகும் சத்தம். "அப்பறம் பேசறேன் மாப்ளே. வந்துடுங்கோ."

அவ்வளவுதான். செபஸ்தியான் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"என்ன மச்சி, மூஞ்சி ஆறிப்போன பஜ்ஜி மாதிரி ஆயிடுச்சு?" என்றான் பாரத்.

"மஹதி அப்பா பூட்டாரு."

பாரத்தின் கை அப்பளத்தோடு நின்றது. "யார் சொன்னா?"

"அவங்க மாமா. பயப்பட ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரில சேத்துகீறோம், கெளம்பி வாங்கன்னாரு."

பாரத் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்பது முதலில் வரும். ஆஸ்பத்திரி அடுத்தது. கிளம்பி வா என்பது கடைசி. இந்த வரிசையில் ஒரு போன் வந்தால், தெருவில் சாமியானாவுக்கு ஆள் சொல்லியாயிற்று என்று அர்த்தம். தூரத்தில் இருப்பவனிடம் சாவை யாரும் சாவு என்று சொல்வதில்லை. அவன் பத்திரமாக வந்து சேர வேண்டுமே.

"எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான்" என்றான் பாரத், தட்டைப் பார்த்தபடி. "லேசா நெஞ்சு வலி, வந்து பாத்துட்டுப் போன்னாங்க. தி.நகர்ல போய் இறங்கினா சங்கு ஊதிட்டிருக்கான்."

அதீபா மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரின்னுதானே சொன்னார்? ஆஸ்பத்திரியாவே இருக்கக்கூடாதா?"

"நீ வேற."

"எங்க வீட்டுல மௌத்துன்னா மௌத்துன்னு சொல்லிடுவாங்க பாரத். எப்ப அடக்கம், எந்தப் பள்ளின்னு சேர்த்தே சொல்லுவாங்க. செபா, ஒரு தடவை திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டுடேன்."

"இன்னான்னு கேக்கறது? செத்துட்டாரான்னா?"

இருந்தாலும் செபஸ்தியான் அழைத்துப் பார்த்தான். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"சாவு வீட்டுல யாரு போன எடுப்பா" என்றான் அவன். "அதுவும் எனக்குப் பண்ணாரு அதீபா. எனக்கு. மாப்ளேன்றாரு. அவரு உயிரோட இருந்தா இந்த வார்த்தை அந்த வூட்ல யாரு வாய்லயும் வந்திருக்காது."

கை கழுவுமிடத்திலிருந்து மஹதி கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தபடி வருவது தெரிந்தது.

"இப்ப சொல்ல வேணாம்" என்றான் செபஸ்தியான் வேகமாக. "நான் சொல்றப்ப சொல்லிக்கலாம்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது.

*

மஹதியின் அப்பா சாய்நாத், கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடி ஃபிளாட்டில் தனி ஆள். மனைவி தவறிப்போய்ப் பல வருடம் ஆயிற்று. மகன் அச்யுத் அமெரிக்காவில். மகள், நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டபோது அவர் கத்தவில்லை, சபிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. அத்தோடு சரி.

ஆனால் ஒரு விநோதம் உண்டு.

செபஸ்தியானுக்கு துபாய் துறைமுகத்தில் வேலை. இழுவைப் படகில் இஞ்சினியர். அவன் அங்கே இருக்கும் மாதங்களில் சாய்நாத் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் மகளின் ஃபிளாட்டுக்கு வாரம் தவறாமல் வருவார். காபி குடிப்பார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவார். செபஸ்தியான் லீவில் வந்து இறங்கினால் வருகை நின்றுவிடும். "அவர் இருந்துட்டுப் போகட்டும், அப்பறம் வரேன்" என்பாராம்.

ஆக, ஒரே நாற்காலியில் இரண்டு ஆண்கள் முறை வைத்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நேரில் பார்த்ததே இல்லை. செபஸ்தியான் அந்த நாற்காலியின் இடுக்கில் பேனா மூடி, பெப்பர்மின்ட், ஒருமுறை மூக்குக் கண்ணாடியின் சின்னஞ்சிறு திருகாணி என்று எதையாவது கண்டெடுப்பான். எறிய மாட்டான். ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு துபாய்க்கு விமானம் ஏறுவான். அடுத்த லீவில் வந்து பார்த்தால் அது இருக்காது. ஒருமுறை அவன் பாதியில் விட்டுப்போன மேஜை மின்விசிறி, திரும்பி வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது. யார் முடித்தது என்று அவனும் கேட்கவில்லை, மஹதியும் சொல்லவில்லை.

இந்த லீவில்தான் அது நடந்தது. போன வாரம் மஹதிக்குப் போன் செய்த சாய்நாத், "திங்கக்கிழமை காபிக்கு வரேன்" என்றார். "அவர் இருக்காரேப்பா" என்றாள் மஹதி. "தெரியும். இருக்கட்டும். அவரும் இருக்கறப்போதான் வரேன்" என்று வைத்துவிட்டார்.

அதிலிருந்து மஹதியின் கால் தரையில் இல்லை. கொழும்புப் பயணத்தையே ரத்து செய்துவிடலாமா என்றாள். பாரத்துதான், "திங்கக்கிழமைதானே வராரு. நாம ஞாயித்துக்கிழமை ராத்திரியே வந்துடறோம். சனி, ஞாயிறு ரெண்டு நாள், பக்கத்துத் தெருவுக்குப் போற மாதிரி" என்று இழுத்து வந்தான்.

*

மஹதிக்கு முதுகைக் காட்டியபடி, ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்று, பாரத் தன் போனில் விமானங்களைத் தேடினான்.

"சாயங்காலம் ஒரு ஃபிளைட் இருக்கு. ஒரே ஒரு சீட்டுதான் காட்டுது. நாளைக்குக் காலையில நாலும் இருக்கு."

செபஸ்தியான் கடைக்குள் பார்த்தான். மஹதியும் அதீபாவும் கண்ணாடிப் பெட்டிமுன் குனிந்து, எந்த நிறம் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். மஹதி எதற்கோ சிரித்தாள்.

"தனியாவா அனுப்பறது?"

"அதான் யோசிக்கிறேன்."

"தனியா அந்தச் சந்து முனைல இறங்கி, தனியா அந்தப் பந்தல பாக்கணுமா மச்சி? வேணாம். நாளைக்கு எல்லாரும் ஒண்ணா போலாம். அவ அண்ணன் அமெரிக்காலருந்து வரணும். அவரு வர்ற வரைக்கும் எடுக்க மாட்டாங்க. ஐஸ் பெட்டில வெச்சிருப்பாங்க. இன்னிக்குப் போனாலும் நாளைக்குப் போனாலும் அதே முகம்தான்."

பாரத் அவனைப் பார்த்தான். செபஸ்தியான் ஏன் இப்படிப் பேசுகிறான் என்று அவனுக்குத் தெரியும்.

தூத்துக்குடியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் விடுதி வார்டன் செபஸ்தியானைக் கூப்பிட்டு, "உங்க அப்பாவுக்கு லேசா காய்ச்சலாம்ப்பா, ஊருக்குப் போயிட்டு வா" என்றார். காய்ச்சல்தானே என்று அவன் பேருந்து நிலையத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தான். நொச்சிக்குப்பத்துக்குள் அதோடுதான் நடந்தான். சந்து திரும்பியதும் பந்தல். பந்தலுக்குக் கீழே, கடல் மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்த அவன் அப்பா. அந்த பாட்டிலை அவன் கையிலிருந்து யார் வாங்கினார்கள் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. ஆனால் கையில் ஒரு பாட்டிலும் மனசில் ஒரு நம்பிக்கையுமாக யாரையும் வீட்டுக்கு நடத்திப் போகக்கூடாது என்பது அன்றைக்கு முடிவானது.

"நாலு டிக்கெட் போடு" என்றான். "இன்னிக்கு ஒரு நாளு சிரிச்சிக்கினு இருக்கட்டும் மச்சி. நாளைலருந்துதான் அழப்போறாளே."

பாரத் போட்டான்.

*

பெட்டா கடைத்தெருவில் மஹதி ஒரு துணிக்கடை முன் நின்றுவிட்டாள்.

"அப்பாவுக்கு ஒரு சட்டை எடுக்கணும். திங்கக்கிழமைக்கு."

அதீபா செபஸ்தியானைப் பார்த்தாள்.

"செபா, நீதான் எடுக்கணும். 'உங்க மாப்பிள்ளை பாத்து எடுத்தது'ன்னு சொல்லிக் குடுப்பேன். மூஞ்சி எப்படிப் போறதுன்னு பாக்கணும்."

"நானா? எனக்கு இன்னா தெரியும் அவரு டேஸ்ட்டு."

"அதான் வேடிக்கையே. வா."

உள்ளே மெழுகுச் சாயம் போட்ட பாடிக் சட்டைகள் கம்பி நிறையத் தொங்கின. மஹதி ஒன்றை உருவி அவன் மார்பில் வைத்தாள். சட்டை முழுக்க மீன்கள்.

"இது எப்படி? அப்பா மயக்கம் போட்டு விழுவார்."

பாரத் சட்டென்று திரும்பி, கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

"அவனுக்கு என்னாச்சு?" என்றாள் மஹதி.

"வெயிலு" என்றாள் அதீபா.

கடைக்காரர் அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்தார். "ஆருக்குத் தம்பி? அளவு தெரியுமோ?"

தெரியாது. மஹதியின் போனில் இருக்கும் படங்களில்தான் அவரைப் பார்த்திருக்கிறான். எல்லாம் அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்த படங்கள். நாற்காலி நிறைய, படம் நிறைய, தோளும் நெற்றியுமாக இருப்பார்.

செபஸ்தியான் சட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவர்கள் குப்பத்தில் மாமனார் இறந்தால் மருமகன் வெறுங்கையோடு வாசல் ஏறக்கூடாது. புதுத்துணி கொண்டுபோய் உடல்மேல் போர்த்த வேண்டும். கோடி என்பார்கள். கோவிலுக்குப் போகிற வீடானாலும் சரி, சர்ச்சுக்குப் போகிற வீடானாலும் சரி, கடலோரத்தில் அந்த வழக்கம் மாறவில்லை. மயிலாப்பூரில் அதைப் போர்த்த விடுவார்களா என்று தெரியாது. ஆனால் அவன் கையில் இருக்கும். இருக்க வேண்டும்.

வெளிர்நீலத்தில் வெள்ளை இலைகள் போட்ட ஒரு சட்டையை எடுத்தான். பெரிய அளவு.

"தொளதொளன்னு இருக்குமே" என்ற மஹதி, அதை விரித்துப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். "பரவாயில்லே. நீ எடுத்ததை மாத்த வேண்டாம். பெரிசா இருக்குன்னு அப்பா உன்கிட்டயே சொல்லட்டும். பேசறதுக்கு ஒரு விஷயம் வேணுமோல்லியோ."

கடைக்காரர் சட்டையை மடித்து, காலரில் குண்டூசி குத்தி, காகிதப் பையில் போட்டார். செபஸ்தியான் அதை வாங்கிக்கொண்டான்.

அப்போது போனில் ஒரு செய்தி வந்தது. வேம்பு மாமா. 'கிளம்பியாச்சா?'

'நாளை காலை ஃபிளைட்' என்று அடித்தான்.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. 'சரி. சீக்கிரம்.'

அதைப் பாரத்திடம் காட்டினான். "பாத்தியா. இன்னும் இன்னா சொல்லணும்?"

*

சாயங்காலம் கடலோரத்துக் காலி முகத்திடலில் பட்டங்கள் பறந்தன. பாரத் இறால் வடையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் நின்றான்.

"என்ன எல்லாரும் ஊமைக்கோட்டான் மாதிரி இருக்கேள்?" என்றாள் மஹதி. "பாரத், ஒரு மொக்கை ஜோக்காவது சொல்லேன். வழக்கமா வாயை மூடச் சொல்லி நாங்க கெஞ்சணும்."

பாரத் ஒன்று சொன்னான். உண்மையிலேயே மோசமான ஜோக். மஹதி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, செபஸ்தியானின் தோளில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை நீ அந்த நாற்காலியில உக்காராதே."

"சரி."

"ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமே இருக்காது. குழாயைப் பத்திப் பேசுங்கோ. கிச்சன் குழாய் மறுபடி சொட்டறது. ரெண்டு பேரும் சேர்ந்து குனிஞ்சு பாருங்கோ, நான் போட்டோ எடுத்துக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு போன் போடட்டுமா அப்பாவுக்கு?" என்றாள்.

அவளுடைய போன் விமானத்தில் ஏறியபோது அணைத்தது அணைத்தபடியே இருந்தது. இரண்டு நாள் போனே வேண்டாம் என்பது அவள் போட்ட சட்டம்.

"வேண்டாம்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். "சனிக்கிழமை. சபாவுல கச்சேரி கேட்டுண்டு இருப்பார். போனை அணைச்சு வெச்சிருப்பார்."

அதீபா எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அலையோரமாகத் தனியே நடந்து போனாள்.

*

காலையில் மஹதி பல் தேய்த்து முடிக்கும்வரை செபஸ்தியான் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தான்.

"மஹதி. அப்பாவுக்கு உடம்பு சரியில்லயாம். ஆஸ்பத்திரில சேத்துகீறாங்களாம். பயப்பட ஒண்ணுமில்லயாம். நாம கெளம்பலாம்."

சொல்லி முடித்த பிறகுதான், வேம்பு சொன்ன அதே வார்த்தைகளைத் தானும் சொன்னது அவனுக்கு உறைத்தது. வேறு வார்த்தைகள் அவனிடமும் இல்லை.

மஹதி பிரஷ்ஷைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள். அவள் அம்மா போனபோது, அவள் கல்லூரியில் இருந்தாள். "அம்மாவுக்கு லேசா மயக்கம், வா" என்றுதான் அச்யுத் சொன்னான்.

"அச்யுத்துக்குச் சொல்லியாச்சா?" என்றாள்.

"சொல்லியிருப்பாங்க."

"சரி."

எந்த ஆஸ்பத்திரி, என்ன உடம்பு, யார் கூட இருக்கிறார்கள் என்று எதையும் அவள் கேட்கவில்லை. போனைக் கையில் எடுத்தாள், அதை உயிர்ப்பிக்காமலே கைப்பையில் போட்டாள். கேட்டால் பதில் வந்துவிடும். வராதவரை அப்பா இருக்கிறார்.

விமானத்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். செபஸ்தியான் ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மறு கையில் காகிதப் பை.

மீனம்பாக்கத்தில் வண்டி ஏறியதும் டிரைவர், "எங்க சார் போணும்?" என்றார்.

செபஸ்தியான் மஹதியைப் பார்த்தான்.

"மயிலாப்பூர்" என்றாள் அவள். "ஆத்துக்கே போயிடலாம்."

கிண்டி தாண்டி, மரங்கள் தாண்டி, அடையாறு. பாலத்துக்கு முன்னால் சிக்னல் விழுந்தது. இடதுபுறம் ஒரு ஆஸ்பத்திரி. வாசலில் இளநீர் வண்டி, ஆம்புலன்ஸ், ஆட்டோக்கள். இங்கேதான் கொண்டுவந்து பார்த்திருப்பார்கள் என்று செபஸ்தியான் நினைத்தான். இங்கேதான் சொல்லியிருப்பார்கள்.

பின் சீட்டிலிருந்து அதீபா மெல்லிய குரலில், "நான் மட்டும் இறங்கி ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள்.

பாரத் அவள் கையை அழுத்தினான். மஹதி கண்ணை மூடியிருந்தாள்.

சிக்னல் பச்சையானது.

*

சந்து முனையில் பந்தல் இல்லை.

இடம் போதாது, உள்ளே வைத்திருப்பார்கள் என்று செபஸ்தியான் எண்ணிக்கொண்டான். மாடிப்படியில் ஏறினார்கள். முதல் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இல்லை. இரண்டாம் மாடியில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. கதவுக் கொக்கியில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. கதவில் பூட்டு.

எதிர் ஃபிளாட் கதவு திறந்தது. ரத்னா மாமி கையில் கரண்டியோடு நின்றாள்.

"மஹதியா? ஏண்டீ, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகலையா? அப்பா நீ வருவேன்னு வாசலையே பாத்துண்டு இருக்காராமே."

மஹதி படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா... இருக்காரா மாமி?"

"இதென்ன கேள்வி. கார்த்தாலகூட ரெண்டு வாய் கஞ்சி சாப்ட்டாராம். வேம்பு இப்போதான் டவலும் ஃபிளாஸ்க்கும் எடுத்துண்டு போறான்."

மஹதி இறங்கி ஓடினாள். மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள். கீழே காத்திருந்த வண்டிக்குள் விழுந்து, "அடையாறு, பாலத்தாண்ட ஆஸ்பத்திரி, சீக்கிரம்ணா" என்று செபஸ்தியான் சொல்லும்போது அவன் குரல் உடைந்து சிரிப்பாக வந்தது.

மஹதி அவன் தோளில் அடித்தாள். அழுதபடியே சிரித்தாள். "பைத்தியம். நீயும் பைத்தியம், நானும் பைத்தியம். நீ ஆஸ்பத்திரின்னு சொன்னே. நான் என்ன நெனச்சேன் பாரு. பிளேன்ல அப்பாவை எரிச்சே முடிச்சுட்டேன்டா."

"நானும்தான்" என்றான் செபஸ்தியான்.

"சட்டை எங்கே? குடு. முதல்ல அதைத்தான் காட்டணும். பெரிசா இருக்குன்னு திட்டட்டும். நன்னா திட்டட்டும்." பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பாரத் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதீபா மட்டும் சிரிக்கவில்லை. அவள் செபஸ்தியானின் பிடரியைப் பார்த்தபடி இருந்தாள். நேற்று மத்தியானமே போன் வந்ததை மஹதி இன்னும் கேள்விப்படவில்லை என்பது அவளுக்கு நினைவிருந்தது.

மந்தைவெளியில் ஒரு பேருந்து குறுக்கே நின்றது. பாலத்தின் மேல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஊர்ந்தது. ஆற்றைத் தாண்டியதும் ஆஸ்பத்திரி தெரிந்தது. அதே இளநீர் வண்டி. அதே வாசல்.

*

மாடித் தாழ்வாரத்தில் வேம்பு நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். தோளில் டவல். கையில் திறக்காத ஃபிளாஸ்க்.

அவர் மஹதியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்போதான்மா" என்றார். "நான் உள்ளே நுழையறேன், டாக்டர் வெளியில வரார்."

மஹதி நின்ற இடத்திலேயே நின்றாள். பை அவள் மார்பில் அப்படியே இருந்தது.

"இப்போதான்னா?"

"இப்போதான். ஆத்துக்குப் போயிட்டு வரேள்னு ரத்னா போன் பண்ணினா. நீங்க பாலம் ஏறிண்டு இருந்திருப்பேள்."

பாரத் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வேம்பு ஃபிளாஸ்க்கை பெஞ்சில் வைத்தார். அவருக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. செபஸ்தியானிடம் சொன்னார்.

"நேத்து மத்தியானம் உங்ககிட்ட சொன்னதுலேர்ந்து நன்னாத்தான் பேசிண்டு இருந்தார் மாப்ளே. சாயங்கால ஃபிளைட்ல வந்துடுவேள்னு நெனச்சோம். நாளைக்குக் காலைன்னு நீங்க போட்டதும் டிக்கெட் கிடைக்கலையாக்கும்னு சொல்லி வெச்சேன். சரி, காத்திண்டிருக்கேன்னார்."

மஹதியின் தலை மெல்லத் திரும்பியது.

"நேத்து மத்தியானமா?"

வேம்பு இருவரையும் பார்த்தார். எதையோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. "ஆமா. உன் போன் போகலை. மாப்ளைக்குப் போடுன்னு அத்திம்பேர்தான் சொன்னார். எனக்குத் தயக்கம், பழக்கமில்லாத மனுஷாள். 'அவருக்கே போடு. அவர் பத்திரமா அழைச்சுண்டு வந்துடுவார்'னார். மாப்ளேன்னு கூப்பிடச் சொன்னதும் அவர்தான்."

மாப்ளே. அந்த வார்த்தையை வைத்துத்தான் செபஸ்தியான் முடிவு கட்டினான்.

"அத்தனை பேர் சொல்ற மாதிரிதான் சார் சொன்னீங்க" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "பயப்பட ஒண்ணுமில்லன்னு. ஆஸ்பத்திரின்னு. நான்... அப்படித்தானே சொல்லுவாங்க எல்லாரும்..."

"நான் இருக்கறதைத்தானே மாப்ளே சொன்னேன்" என்றார் வேம்பு.

ஒரு நர்ஸ் காகிதங்களோடு கடந்து போனாள். மஹதி செபஸ்தியானுக்கு எதிரே வந்து நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது.

"சாப்பிடறச்சே வந்துதா போன்?"

"ஆமா. நீ கை கழுவப் போயிருந்த."

"அப்போ சட்டை எடுத்தது அதுக்கப்பறம்."

அவன் தலையை அசைத்தான்.

"திங்கக்கிழமைக்குன்னு நான் சொல்றேன். நீ பாத்துப் பாத்து எடுத்தே." அவள் பையைப் பார்த்தாள். "நீ யாருக்கு எடுத்தே அதை?"

நொச்சிக்குப்பத்தில் அவன் பெரியப்பா இறந்தபோது அவளும் வந்திருந்தாள். மருமகன்கள் ஒவ்வொருவராகப் புதுத்துணியோடு வரிசையில் வந்ததை அவளும் பார்த்தாள். இது ஏன் என்று அன்றைக்கு அவனிடம் கேட்டதும் அவள்தான்.

"கோடி எடுத்திருக்கே" என்றாள். "எங்கப்பா கஞ்சி குடிச்சுண்டு, என்னைக் கேட்டுண்டு இருக்கார். நீ அவருக்குக் கோடி எடுத்திருக்கே."

"மஹதி, உன்ன தனியா அனுப்பக்கூடாதுன்னுதான்... எங்கப்பாவுக்கு நான் வந்த மாதிரி நீ..."

"தெரியும்" என்றாள் அவள். "அதனாலதான் உன்னை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை."

பையை அவன் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய் நீயே போடு."

அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அதீபா பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டாள். மஹதி அதைத் தள்ளவும் இல்லை, சாயவும் இல்லை. ஒரு நாள் முழுக்க அதீபாவும் வாயை மூடிக்கொண்டிருந்தவள்தான்.

செபஸ்தியான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

குழாய்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கண்ணாடியை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். அதன் இடது ஓரத்தில் இருந்த திருகாணி மட்டும், கழன்றதை வீட்டிலேயே திருப்பி மாட்டியதுபோல், சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செபஸ்தியான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பிறகு பையைப் பிரித்தான். காலரில் இருந்த குண்டூசியை எடுத்தான். வெளிர்நீலச் சட்டையை உதறி, அவருடைய மார்பின் மேல் விரித்தான்.

தோளையும் தாண்டி இரண்டு பக்கமும் வழிந்தது. கீழே முழங்காலைத் தொட்டது. அவர் மிகச் சின்ன மனிதர். படங்களில் அவர் நிறைந்திருந்த அந்த நாற்காலிதான் சிறியது.